வால்வுக்கு முன்னால் விட வேண்டிய இடம்

அப்பு,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பி, "பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து ஓகே சொல்லும்மா, வெரசா பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்" என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். பெயர்கள் சரி, முகூர்த்த நேரம் சரி, உன் அப்பாவின் இனிஷியல்கூடச் சரி. ஆனாலும் நான் ஓகே சொல்லப் போவதில்லை. நம் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் ராசு, திங்கட்கிழமை பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சிலமலையை விட்டுத் திருப்பூருக்குப் போகிறான். இந்தப் பருவத்தில் நம்மிடம் காய் வெளுத்ததற்கு அவன் கைதான் காரணம் என்று போடி முழுக்கப் பேச்சு. அது அவன் செய்ததில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்று நான் சந்தேகப்படுகிறேன். சந்தேகம் என்ன சந்தேகம், உனக்குத் தெரியும். அவன் வண்டி ஏறுவதற்கு முன் நீ வந்து, அதை உன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் பேசினால் ஆகாதா என்பாய். ஃபோனில் உன்னைப் பிடிக்க முடியவில்லையே! நான் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. மண்டபத்தைப் பற்றியும் சமையல்காரரைப் பற்றியும் பேசும்போது எந்த மீட்டிங்கும் வருவதில்லை. வாய்ஸ் அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதில் நான் அழுதாலும் கிளி கத்துவது மாதிரிதான் கேட்கும். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. எழுதி முடித்ததும் உன் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். நீல டிக் விழுகிறதா என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீயும் உன் அப்பாவும் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியாததல்ல. சிரியுங்கள். குரங்கணிப் பாதையில் மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு பொம்பளை ஏலக்காய் ஸ்டோர் நடத்துகிறாள் என்றால், அவள் எல்லாரையும் நம்பிக்கொண்டு நடத்த முடியாது. மேலே சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பறித்த பச்சைக்காயை ஜீப்பில் ஏற்றி நம்மிடம் இறக்குகிறார்கள். நாம் கூலிக்கு உலர்த்தி, சலித்து, தரம் பிரித்துக் கொடுக்கிறோம். அவர்கள் வந்து எடுத்துப் போகும்வரை அந்த மூட்டைகள் என்னை நம்பி இருக்கின்றன. ஒரு கைப்பிடி குறைந்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும். அதனால்தான் தரம் பிரித்த காய் இருக்கும் அந்த நடு அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகி வைத்திருக்கிறேன். உன் அப்பாவையே உள்ளே விட்டதில்லை. அவர் எடுத்துவிடுவார் என்பதற்காக இல்லை. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஆவணியில் நீ கோயம்புத்தூரிலிருந்து ஃபிட்டர்களோடு வந்து பழைய விறகடுப்பையும் தகரக் குழாயையும் பிரித்துப் போட்டாய். பாய்லர் வைத்து, நீராவியில் காய் உலர்த்தும் ஏற்பாட்டைச் செய்தாய். அதில் நீ பெருமையாக எனக்குக் காட்டியது அந்தக் கண்ட்ரோல் வால்வைத்தான். அறைக்குள் சூடு கூடினால் தானே மூடிக்கொள்ளும், குறைந்தால் தானே திறந்துகொள்ளும், இனி யாரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கண் எரிய விறகு தள்ள வேண்டாம் என்றாய். எனக்கு அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தானாக நடக்கும் எதையும் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் நீ அந்தத் தொழிலில் இருப்பவன், ஆலை ஆலையாகப் பாய்லர் நிறுத்துகிறவன், என் பிள்ளை. சரி என்றேன்.

குழாய் போட்ட அன்று நீ என்னிடம் வந்து நின்றது நினைவிருக்கிறதா? நான் முறத்தில் காயைப் புடைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, பைப்பு இந்த ரூம் வழியாப் போனா நல்லா இருக்கும்" என்றாய். "எந்த ரூமு?" என்றேன். "பூட்டியிருக்கிற ரூமுதான். வால்வும் அதுக்குள்ள வரும். அப்பப்ப யாராச்சும் உள்ள போய்ப் பாக்க வேண்டியிருக்கும்." நான் முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு கண்டவனும் என் ரூமுக்குள்ள வர்றதா? தலைகீழா நின்னாலும் நடக்காது. சுத்திக் கொண்டு போ" என்றேன். நீ "சரிம்மா, விடு" என்று போய்விட்டாய். அவ்வளவுதான் நமக்குள் நடந்த பேச்சு. ஏன் அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும், சுற்றிக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? அறையைச் சுற்றியுள்ள குறுகிய சந்துக்குள் வளைத்து, ஒரு எல்போ வளைவு, உடனே இன்னொரு எல்போ, அதன் மூக்கிலேயே வால்வு, வால்வை ஒட்டி மறுபடியும் ஒரு வளைவு என்று போட்டுவிட்டு, ஃபிட்டர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

வால்வு முதல் வாரமே கத்த ஆரம்பித்தது. முதலில் விசில் மாதிரி, பிறகு தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. தலைப்பாகம் நடுங்கியது. திறக்கும், மூடும், மறுபடியும் திறக்கும், ஒரு நிலையில் நிற்காது. உலர்த்தும் அறையில் சூடு ஏறி ஏறி இறங்கியது. சூடு ஏறினால் காயின் பச்சை செத்து வெளுக்கும், இறங்கினால் காய் வியர்த்துப் பிசுபிசுக்கும். நமக்கு இரண்டும் நடந்தது. ஜீப்புக்காரர்கள் உலர்ந்த காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

எனக்குத்தான் மூக்கு வேர்த்துவிடுமே. முதலில் வால்வு விற்ற கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். பழைய வால்வுக்குப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று அதன் திருகாணிகளில் கீறல் தேடினேன். பிறகு காய்க்காரர்களைச் சந்தேகப்பட்டேன், முற்றாத பிஞ்சைக் கலந்து கொண்டுவருகிறார்களோ என்று. அடுப்பைப் பிரித்த பிறகு வெளிச்சுவர் ஓரம் அடுக்கிவைத்த விறகை எடுத்தபோது, பூட்டிய அறையின் சுவரில் சாக்பீசால் போட்ட ஒரு வட்டம் தெரிந்தது. திருடன் குறி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றே முடிவு செய்து, இருக்கிற பூட்டோடு இன்னொரு பூட்டும் வாங்கி மாட்டினேன். ராசுவைக் கூப்பிட்டு, "இது யார் போட்ட வட்டம்? உன்னைத் தாண்டி எவன் இங்க வந்தான்?" என்று கேட்டேன். அவன் பாவம், முழித்தான். முழித்தது எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

அதற்கு மறுநாள் அவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். வால்வுக்கு முன்னால் ஒரு கைவால்வு வைத்திருக்கிறாய் அல்லவா, ரிப்பேர் வந்தால் நீராவியை நிறுத்த? அதை அவன் இறுக்கிக்கொண்டிருந்தான். "என்னடா பண்ற?" என்றேன். "காதை அடைக்குதுக்கா. இதைக் கொஞ்சம் இறுக்கினா சத்தம் அடங்குது" என்றான். அன்று காலையில் காய் எடுக்க வந்தவர்கள் முற்றத்தில் நின்றார்கள். எல்லார் முன்னாலும் உனக்கு ஃபோன் போட்டேன். இன்ஜினியர் சொல்வதை அவனும் கேட்கட்டும், அவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "அப்பு, ராசு கைவால்வைத் திருகியிருக்கான். காய் வெளுக்கிறது அதனாலயா?" என்று கேட்டேன். நீ சொன்னாய்: "இருக்கலாம்மா."

ஒரே ஒரு வார்த்தை. அது பொய் இல்லை என்பாய். கைவால்வை அரைகுறையாக மூடினாலும் நீராவி கலங்கத்தான் செய்யும், எனக்கும் இப்போது தெரியும். முழுப் பொய்யாக இருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். பாதி உண்மையைச் சொல்லி, மீதியை மென்று விழுங்கி, ஒரு மனிதனை என் முன்னால் தள்ளிவிட்டாயே! ராசு என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த ஃபோனைத்தான் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. நானும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. வராமல் இருப்பதே குற்றம் செய்த நெஞ்சுக்கு அடையாளம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நீ கேட்ட மாதிரி கேட்டா எவன் திரும்பி வருவான்?" என்றார். அவரோடு மூன்று நாள் பேசவில்லை.

ராசு போன பிறகும் வால்வு கத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கத்துவதற்கு அவன் தேவையில்லை என்று. வால்வுக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடித்து, மதுரையிலிருந்து சர்வீஸ் ஆளை வரவழைத்தேன். உன் வயதுதான் இருக்கும். வந்தவன் வால்வைத் தொடக்கூட இல்லை. குழாயைக் கண்ணால் தடவிக்கொண்டே போய், வளைவில் நின்றான். "யாரும்மா இந்தப் பைப்பு போட்டது?" என்றான். ஏன் கேட்கிறாய் என்றேன். "வால்வுல ஒரு குத்தமும் இல்ல. ரெண்டு எல்போவை ஒட்டி ஒட்டிப் போட்டு, உடனே வால்வை மாட்டியிருக்காங்க. வளைவுல திரும்புற ஸ்டீம் சுழண்டுக்கிட்டே வரும்மா. நேராகறதுக்குள்ள வால்வுக்குள்ள போய் ஒரு பக்கமா இடிக்குது. அதான் ஆடுது, கத்துது, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்றான். நான் விடுவேனா? "இந்த மலையில நேரா வர்ற பைப்பு எதுப்பா? ஓடைத்தண்ணிய ஓஸ் பைப்பு போட்டு மரத்தைச் சுத்திச் சுத்தித்தான் கொண்டாறோம். தண்ணி வரலையா?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "தண்ணி வந்து சேந்தாப் போதும்னா எப்படி வேணா வளைக்கலாம்மா. வால்வு அளந்துல்ல விடணும்?"

ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு கணக்கு உண்டாம். இந்த வால்வுக்குக் குழாயின் குறுக்களவைப் போலப் பத்து மடங்கு நேர்க்குழாய் முன்னால் வேண்டும், ஐந்து மடங்கு பின்னால் வேண்டும் என்றான். நம்முடையது இரண்டு இஞ்ச் குழாய். நான் விரல் விட்டு எண்ணினேன். முன்னால் இருபது இஞ்ச், பின்னால் பத்து இஞ்ச். அப்பு, முன்னால் விட வேண்டியது கல்யாணத்துக்கு வாங்கும் மல்லிகைச் சரத்தில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.

அவனையும் நான் நம்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தன் கம்பெனிச் சரக்கைக் காப்பாற்ற யார் வேண்டுமானாலும் குழாய் போட்டவன் மேல் பழியைப் போடலாம். போட்டது என் பிள்ளை ஆயிற்றே. அவன் போனதும் டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சின்னமனூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே உன் மாமாவின் சம்பந்தி வீட்டு அரிசி ஆலையில் நெல் அவிக்கிற பாய்லரில் இதே மாதிரி வால்வு இருக்கிறது. அவர்கள் காபி போடுவதற்குள் நான் டேப்பை நீட்டி அளந்துவிட்டேன். வால்வுக்கு முன்னால், சர்வீஸ் ஆள் சொன்ன கணக்குக்கு மேலேயே நேராக விட்டிருந்தார்கள். வால்வு மூச்சுக் காட்டாமல் தன் சோலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எதுக்கு இவ்வளவு பைப்பை வீணா நீட்டியிருக்கீங்க?" என்று வேண்டுமென்றே கேட்டேன். ஆலைக்காரர், "அதை வீணுன்னு நெனச்சு ஒருதடவை வெட்டிட்டுப் பட்டோம் தாயி" என்றார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. காபி ஆறிப் போயிருந்தது.

திரும்பி வந்து நேராக அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன். பூட்டைத் திறந்து அறைக்குள் போனேன். அந்தப் பக்கச் சுவரிலும், மூட்டைக்குப் பின்னால், அதே உயரத்தில் ஒரு வட்டம். பாய்லரிலிருந்து முதல் வட்டத்துக்கு மனசுக்குள் ஒரு கோடு போட்டேன், அங்கிருந்து இரண்டாவது வட்டத்துக்கு, அங்கிருந்து உலர்த்தும் அறைக்கு. நடுவில் ஒரு வளைவு இல்லை. வால்வுக்கு முன்னாலும் பின்னாலும் கேட்கிற இடம் தாராளமாக இருந்தது. திருடனும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. குழாய் போடுவதற்கு முன்னால் ஒருநாள் நான் ஏலக்காய்த் தரகரைப் பார்க்கப் போனபோது, உன் ஒருத்தன் கையில் மட்டும் நம்பிச் சாவியைக் கொடுத்த அரை மணி நேரத்தில் நீ அளந்து போட்ட வட்டம் அது. ஆக, நேராகத்தான் போட வேண்டும் என்று உனக்கு முதல் நாளே தெரியும். வளைத்தால் வால்வு ஆடும் என்று தெரியும். "இருக்கலாம்மா" என்றபோதும் தெரியும். மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன்டா. காய் வெளுத்ததற்கு நான் அழவில்லை.

நான் செய்ததைச் சொல்லாமல் விடமாட்டேன். அறையைப் பூட்டி வைத்தது தப்பு என்று இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நீ காரணத்தைச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். ஆமாம், ஊரைக் கூட்டியிருப்பேன், உன் ஃபிட்டர்களைப் பேர் சொல்லித் திட்டியிருப்பேன். பிறகு என்ன செய்திருப்பேன்? மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, சுவரை உடை என்றுதான் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷம் என்னோடு இருந்தவனுக்கு இது தெரியாதா? என் கத்தலுக்குப் பயந்து நீராவியை வளைத்துவிட்டாய். நான் கத்தினால் அரைநாள் காது வலிக்கும். நீ வாயை மூடிக்கொண்டதில் ஒருத்தன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகிறான்.

ரேவதி நல்ல பெண். பெண் பார்க்கப் போனபோது அவளையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன், அது என் வழக்கம். அவள் என் கண்ணைப் பார்த்து, "அத்தை, எனக்குச் சமைக்கத் தெரியாது, உங்க மகனுக்குத் தெரியும்னு சொன்னாரு, அது உண்மையா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் நீ "சரி, விடு" என்று சொல்லிப் பழகாதே. ஒன்று வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல், ஏன் என்று சொல், சண்டை வந்தால் வரட்டும். சண்டை போட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அநேகமாக எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. உன் அப்பாவும் நானும் போடாத சண்டையா? சொல்லாமல் சுற்றிப் போகிறவனோடு குடும்பம் நடத்துகிறவள், என்னை மாதிரி, ஒவ்வொரு சுவரிலும் திருடன் வட்டம் தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த வியாதி வேண்டாம்.

இப்போது நடந்திருப்பதைக் கேள். சர்வீஸ் ஆளையே திரும்ப வரவழைத்து, கொத்தனார் வைத்து இரண்டு சுவரையும் உடைத்து, நீ போட்ட வட்டத்தின் வழியாகவே குழாயை நேராகக் கொண்டுபோனேன். சாவியைக் கொத்தனாரிடமே கொடுத்தேன். உன் அப்பா அதைப் பார்த்து, எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார். வால்வு அன்றோடு வாயை மூடிவிட்டது. பக்கத்தில் போய்க் காதை வைத்தால்தான் மெல்லிசாக ஒரு இரைச்சல். காய் கிளிப்பச்சையாக இறங்குகிறது. இதில் சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் வந்து எடுத்துப் போகிற காய்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "பாத்தீங்களாக்கா, ராசு போனான், காய் பச்சையாயிருச்சு." தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குழாய், வளைவு, இருபது இஞ்ச் என்று நானும் விளக்கிப் பார்த்தேன். தலையை ஆட்டுகிறார்கள். "நீங்க எரக்கப்பட்டுச் சொல்றீங்க. இன்ஜினியர் தம்பியே அன்னைக்கு ஃபோன்ல சொன்னாருல்ல, நாங்களும் கேட்டோம்ல" என்கிறார்கள். வால்வைச் சரி செய்ததே அவன் மேல் இருந்த பழியை ஆணி அடித்து இறுக்கிவிட்டது. பூப்பாறைப் பக்கம் ஒரு ஸ்டோரில் வேலை கேட்டுப் போயிருக்கிறான். அங்கேயும் ஜீப்புக்காரர்கள் வாய் இவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் திருப்பூர் பனியன் கம்பெனி என்று முடிவு செய்திருக்கிறான்.

போன வாரம் நானே சிலமலைக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் நின்று, "தப்பு உன் மேல இல்ல ராசு, பைப்பு மேலதான். வேலைக்கு வா" என்றேன். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. "நீங்க சொல்றதைக் கேட்டு நான் வந்துட்டேன்னா, எரக்கத்துல சேத்துக்கிட்டாங்கன்னுதான் பேசுவாங்க" என்றான். "நான் வேற என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. ஸ்பீக்கர்ல போட்டீங்க, நானும் கேட்டேன், அத்தனை பேரும் கேட்டாங்க. சொன்ன வாயி வந்து சொல்லட்டும்" என்றான். அன்றிரவே உனக்கு ஃபோன் போட்டேன். "பாக்குறேம்மா" என்றாய். எதைப் பார்க்கிறாய்?

பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஓடைத்தண்ணி வரும் ஓஸை நீ ஆடி விளையாடிப் பிய்த்துவிட்டாய். கீழ்த்தோட்டத்துக்காரரின் மாடு மிதித்துப் பிய்த்தது என்று நான் சண்டைக்குக் கிளம்பினேன். கொண்டையை முடிந்துகொண்டு பாதி தூரம் போய்விட்டேன். பின்னாலேயே ஓடி வந்து சேலையைப் பிடித்து இழுத்தாய். "மாடு இல்லம்மா, நான்தான்" என்றாய். அங்கேயே இரண்டு அறை வைத்தேன். அடி வாங்கிக்கொண்டும் கையை விடாமல் என்னை வீட்டுக்கு இழுத்து வந்தாய். ஒரு மாட்டுக்கு அன்றைக்குப் பரிந்து வந்தவன்தானே நீ? கோயம்புத்தூருக்குப் போன பிறகு அந்தப் பிள்ளை எங்கே போனான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உத்தியோகமும் பேரும் வந்த பிறகு, ஒரு குழாயைத் தப்பாகப் போட்டேன் என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறாயோ? கல்யாண நேரத்தில் சம்பந்தி வீட்டுக் காதில் விழுந்துவிடும் என்று பயமோ? இதெல்லாம் என் சந்தேகங்கள். ஒன்றுகூட உண்மையாக இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காய்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பழைய வளைவுக் குழாயைக் கழற்றி முற்றத்தில்தான் போட்டு வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை. வந்து அதைக் காட்டிச் சொல். இதை நான் போட்டேன், நேராகப் போட வேண்டும் என்று தெரிந்தே வளைத்துப் போட்டேன், காய் வெளுத்தது இதனால், ராசுவால் இல்லை என்று சொல். அதிகம் படித்த வார்த்தைகளைப் போடாதே, அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல். அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேரும் கேட்க வேண்டும். பிறகு பத்திரிகையைப் பற்றிப் பேசலாம்.

இதுவரை எழுதியதை நேற்றுச் சாயங்காலம் சிலமலைக்கு எடுத்துப் போய் ராசுவுக்கு வாசித்துக் காட்டினேன். அவனைப் பற்றி எழுதியது, அவனுக்குத் தெரியாமல் போகக் கூடாது. வீட்டில் பாதிச் சாமானைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி பாண்டியம்மா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே கேட்டாள். உன்னை நான் திட்டியிருக்கிற இடங்களில் ராசு தலையைக் குனிந்துகொண்டான். முடித்ததும் தாளை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு, "தம்பி வருவாராக்கா?" என்று கேட்டான்.

தராசில் கடைக்காரன் காட்டிய எடையை நான் நம்பியதில்லை. டாக்டர் சொன்ன வியாதியை இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் விட்டதில்லை. யாருக்காகவும் இன்னொருவரிடம் வாக்குக் கொடுத்ததும் இல்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "வருவான்" என்று சொல்லிவிட்டேன்.

பாண்டியம்மா கையிலிருந்த சணலைக் கீழே வைத்தாள். "அப்ப அடுப்பைக் கட்டாம வைக்கிறேன்க்கா, ஞாயித்துக்கெழமை வரைக்கும்" என்றாள்.

அம்மா